முதல் முறையாக மொட்டை: மெஷினா கத்தியா, வீட்டிலா சலூனிலா?

கோவை_வடக்கு எழுதியது:

வணக்கம். எனக்கு 29 வயது, கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் டிசைன் பிரிவில் வேலை பார்க்கிறேன். கல்லூரி முடிக்கும்போதே நெற்றி இரண்டு பக்கமும் ஏற ஆரம்பித்துவிட்டது. இப்போது முன்பக்கம் ஏறக்குறைய காலி, உச்சியில் சுழியைச் சுற்றித் தோல் தெரிகிறது, காதுக்கு மேலேயும் பிடரியிலும் மட்டும் அடர்த்தியாக இருக்கிறது. அப்பாவுக்கும் தாய்மாமாவுக்கும் அச்சு அசல் இதே மாதிரிதான், அதனால் காரணம் தேட வேண்டிய அவசியமே இல்லை. தோல் மருத்துவர் சொல்லி மினாக்ஸிடில் 5 சதவீதம் போட்டேன். போட்டவரைக்கும் கொட்டுவது குறைந்தது, நிறுத்தியதும் பழையபடி ஆகிவிட்டது. மாத்திரை வேண்டாம் என்று நானே யோசித்து முடிவு செய்துவிட்டேன். வெங்காயச் சாறு, கரிசலாங்கண்ணி எண்ணெய், முடி நடுவது எல்லாவற்றையும் பற்றிப் போதுமான அளவு கேட்டாயிற்று, தயவுசெய்து அந்தப் பக்கம் போக வேண்டாம்.

நான் கேட்பது மொட்டையைப் பற்றி மட்டும். தினமும் காலையில் பக்கத்து முடியை இழுத்து முன்னால் படிய வைத்துவிட்டுக் கிளம்புகிறேன், ஆபீஸ் போய் ஹெல்மெட்டைக் கழற்றினால் எல்லாம் கலைந்து கிடக்கும், மறுபடி கண்ணாடி முன்னால் நின்று சீவ வேண்டும், மீட்டிங்கில் ஃபேன் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து உட்கார வேண்டும். இப்படியே இன்னும் பத்து வருடம் ஓட்ட எனக்கு விருப்பம் இல்லை. ஒரு வயதில் மாமா மடியில் உட்கார வைத்துக் குலதெய்வம் கோயிலில் அடித்ததும், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் முன் பழனியில் அடித்ததும் எனக்கு நினைவே இல்லை. நானாக விரும்பிப் போடப்போவது இதுதான் முதல் முறை.

சலூனில் போய்ச் செய்துகொள்வதா, வீட்டிலேயே செய்வதா? மெஷினில் ஒட்ட வெட்டினால் போதுமா, கத்தி வைத்து வழிக்கவே வேண்டுமா? தினமும் போக வர 15 கிலோமீட்டருக்கு மேல் ஹெல்மெட் போட்டு வண்டி ஓட்டுகிறேன், வழித்த தலையில் அது எப்படி இருக்கும்? இதையெல்லாம் விடப் பெரிய தலைவலி வீட்டில். எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். லேசாகப் பேச்செடுத்ததற்கே அம்மா, "அப்பா நல்லா இருக்கும்போது எதுக்குடா மொட்டை, பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க" என்று இரண்டு நாள் பேசவில்லை. இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


சலூன்_மதுரை எழுதியது:

தம்பி, மதுரையில் சலூன் வைத்திருக்கிறேன், அப்பாவும் இதே தொழில்தான். பெரியவர்கள் முதல் முறை மொட்டை என்று வந்தால் நான் முதலில் சொல்வது, இன்றைக்கே கத்தி வேண்டாம், மெஷின் போடுங்கள் என்பதுதான். கார்டு, அதாவது எவ்வளவு முடி விட வேண்டும் என்பதற்கு மாட்டும் சீப்பு, மாட்டாத ஜீரோ மெஷின். அடித்து முடித்தால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் முடி நிற்கும். நாலடி தள்ளி நின்று பார்த்தால் மொட்டைதான். ஆனால் தோலுக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது, வெட்டுக்காயம் வராது, தலையில் பழைய தழும்பு, மச்சம், பரு எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் உனக்கே தெரியும். சின்ன வயதில் விழுந்து தையல் போட்ட இடம் பலருக்குப் பின்மண்டையில் இருக்கும், அவர்களுக்கே மறந்திருக்கும். பிடிக்கவில்லை என்றாலும் பயமில்லை, முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும். பிடித்திருந்தால் நாலைந்து நாள் கழித்துக் கத்திக்குப் போகலாம். அதற்குள் வீட்டில் இருப்பவர்களுக்கும் கண் பழகிவிடும்.

முதல் முறை சலூனுக்கே போ. வீட்டில் செய்தால் முன்பக்கமும் பக்கவாட்டும் சுலபமாக வந்துவிடும், பிடரியும் காதுக்குப் பின்னால் இருக்கும் மடிப்பும்தான் சிக்கல். அங்கே கண்ணுக்குத் தெரியாமல் கை பிடிப்பில்தான் வழிக்க வேண்டும், அது பழக்கத்தில் வரும். நாங்கள் எப்படி வழிக்கிறோம், எந்த இடத்தில் தோலை இழுத்துப் பிடிக்கிறோம் என்று ஒரு தடவை கண்ணாடியில் கவனித்துவிட்டால் அப்புறம் வீட்டில் நீயே செய்துகொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை போகாதே, கூட்டத்தில் எந்தக் கடைக்காரனும் உனக்கு நேரம் கொடுக்க மாட்டான். செவ்வாய் எங்களுக்கு லீவு. புதன், வியாழன் மதியம் மூன்று மணி வாக்கில் போனால் கடை காலியாக இருக்கும், நிதானமாகச் செய்வார்கள். மொட்டைக்கு நிதானம் ரொம்ப முக்கியம் தம்பி, அவசரத்தில் வழித்த தலையைப் பார்த்தாலே எனக்குத் தெரியும், காதுக்கு மேலே கோடு கோடாகச் சிவந்திருக்கும்.

கத்திக்குப் போகும்போது கவனிக்க வேண்டியது: முதலில் மெஷினில் ஒட்ட எடுத்துவிட வேண்டும், நீளமான முடியில் பிளேடை வைத்தால் இழுக்கும். வெந்நீரில் நனைத்த துண்டைத் தலையில் போட்டு இரண்டு மூன்று நிமிடம் விடு, முடி ஊறினால் பாதி வேலை முடிந்த மாதிரி. க்ரீம் போட்டதும் உடனே வழிக்காமல் கொஞ்சம் விட்டு வழி. முடி எந்தத் திசையில் வளர்கிறது என்று விரலால் தடவிப் பார், தடவும்போது வழுக்கிக்கொண்டு போனால் அதுதான் முடியின் போக்கு, சொரசொரப்பாகத் தடுத்தால் எதிர்ப்பக்கம். மேல்தலையில் பெரும்பாலும் சுழியிலிருந்து நெற்றியைப் பார்த்து வளரும், பக்கவாட்டில் கீழ்நோக்கி வளரும், பிடரியில் ஒவ்வொருவருக்கும் ஒரு தினுசு, சிலருக்கு நடுவிலிருந்து பக்கவாட்டில் திரும்பும், சிலருக்கு மேல்நோக்கியே வளரும். முதல் சில தடவை முடியின் போக்கிலேயே வழி. எதிர்ப்பக்கம் வழித்தால் வழவழவென்று வரும் என்பது உண்மைதான், ஆனால் பழகாத தோலில் அப்படிச் செய்தால் முடி தோலுக்குள்ளேயே மடங்கி வளர்ந்து சிவப்புப் பொரி கிளம்பும், சுருட்டை முடிக்காரர்களுக்கு இன்னும் மோசம். அழுத்தவே கூடாது. சின்னச் சின்ன இழுப்பு, இரண்டு இழுப்புக்கு ஒரு தடவை பிளேடைத் தண்ணீரில் அலசு. இன்னொரு கையால் தோலை இழுத்துப் பிடி, காதை மடக்கிப் பிடித்துக்கொண்டு அதன் ஓரத்தை எடு. க்ரீம் இல்லாத இடத்தில் பிளேடு படவே கூடாது, ஒரு இடத்தில் விட்டுப்போயிருந்தால் மறுபடி க்ரீம் தடவித்தான் எடுக்க வேண்டும்.

வீட்டில் ஆரம்பிப்பவர்களுக்குத் தலை அசையும் கார்ட்ரிட்ஜ் ரேசர் நல்லது. இரண்டு பக்க பிளேடு மாட்டும் பழைய ரேசரில் செலவு குறைவு, ஒரு பிளேடு சில ரூபாய்தான், ஆனால் மண்டை மேடு பள்ளமாக இருக்கும் இடத்தில் கை பழகாவிட்டால் கீறிவிடும்.

வழித்து முடித்ததும் பச்சைத் தண்ணீரில் அலசிப் படிகாரத்தை நனைத்துத் தடவு. எரிந்தால் அந்த இடத்தில் கீறியிருக்கிறது என்று அர்த்தம். ஸ்பிரிட் வாசனை அடிக்கும் ஆஃப்டர்ஷேவ் வேண்டவே வேண்டாம். சந்தனம் பூசுவது குளிர்ச்சிதான், அசல் சந்தனக் கட்டையை உரைத்துப் பூசினால் நல்லது, கடைப் பொடியில் சேர்க்கும் வாசனையும் நிறமும் புதுத் தோலில் சிலருக்கு அரிப்பு கொடுக்கும்.

கடைசியாக ஒன்று. எந்தக் கடையாக இருந்தாலும் பிளேடு உறையைப் பிரிப்பதை உன் கண்ணால் பார். கேட்பதற்குக் கூச்சப்படாதே, நல்ல தொழில்காரன் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டான்.


ரேணிகுண்டா_வழி எழுதியது:

இவ்வளவு யோசிக்கவே வேண்டாம் நண்பரே. ஒரு வார இறுதியில் திருமலை போய் வாருங்கள். கல்யாணக்கட்டையில் ராத்திரி பகல் எந்நேரமும் முடி எடுப்பார்கள், கட்டணம் கிடையாது, டோக்கனோடு பிளேடும் கொடுப்பார்கள், குளிக்கவும் அங்கேயே வசதி இருக்கிறது. தூரம் என்றால் உங்கள் ஊருக்குப் பழனி பக்கம்தானே, நம்ம ஊர்க் கோயில்களிலும் 2021-லிருந்து முடி இறக்கக் கட்டணம் இல்லை. வேண்டுதல் என்று சொன்னால் அம்மாவும் சந்தோஷப்படுவார்கள், ஆபீஸில் ஒருத்தரும் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். வளர வளர வழித்துக்கொண்டே இருங்கள், யாருக்கும் வித்தியாசம் தெரியாது.


கோவை_வடக்கு எழுதியது:

மதுரை அண்ணா, ரொம்ப நன்றி, பிடரி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. புதன்கிழமை மதியம் போக முடியுமா என்று பார்க்கிறேன்.

ரேணிகுண்டா நண்பருக்கு: யோசனைக்கு நன்றி, நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள் என்று தெரியும். ஆனால் எனக்கு வேண்டுதல் எதுவும் இல்லை. அம்மா பழனிக்கு எனக்காக முடி நேர்ந்துகொண்ட காலத்தில் எனக்கு மூளைக்காய்ச்சல், ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு நேர்ந்தது. அதை மனதில் வைத்துப் பார்த்தால், ஆபீஸில் கேள்வி வரக்கூடாது என்பதற்காக அங்கே போய் உட்கார எனக்கு மனசு வரவில்லை. அப்புறம் ஒரு தடவை வேண்டுதல் என்று சொல்லிவிட்டால் அடுத்த மாதமும் வழித்த தலையோடு நின்றால் என்ன சொல்வது?


காவிரிக்கரை எழுதியது:

திருச்சி. பல வருடமாக வழித்த தலைதான், கல்யாணத்துக்கு முன்பிருந்தே. கோவைத் தம்பி சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன், வேண்டுதலைச் சாக்காக வைக்க வேண்டாம். நம் ஊரில் ஒரு ஆம்பளை மொட்டையோடு வந்தால் கேட்பவர்கள் மனதில் இரண்டே காரணம்தான் ஓடும், ஒன்று கோயில், இல்லையென்றால் வீட்டில் யாரோ போய்விட்டார்கள். முதல் வாரத்தில் எனக்கு அறிமுகமே இல்லாத டீக்கடைப் பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு "அப்பாவா தம்பி" என்று கேட்டார். "இல்லைங்கய்யா, அப்பா நல்லா இருக்காரு, முடி கொட்டிருச்சு, அதான் எடுத்துட்டேன்" என்றேன். "அதுவும் சரிதான்" என்று டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். இதே பதிலை எல்லோரிடமும் அதே குரலில் சொன்னேன். ஒரு மாதத்தில் கேள்வி தானாக நின்றது. காரணத்தைச் சுற்றி வளைத்துச் சொன்னால்தான் அடுத்த கேள்வி வரும்.

அம்மா விஷயம் வேறு. அவர்களுக்கு வருவது உண்மையான பயம், அப்பா உயிரோடு இருக்கும்போது மகன் தலை வழித்தால் அது அவர்கள் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். விவாதம் செய்து ஜெயிக்க வேண்டிய இடம் இல்லை அது. நான் செய்தது என்னவென்றால், அப்பாவிடம் முதலில் பேசினேன், அவரே வழுக்கைக்காரர் என்பதால் ஒரு வார்த்தையில் புரிந்துகொண்டார், அம்மாவிடம் அவர்தான் சொன்னார். மதுரைக்காரர் சொன்ன மாதிரி முதலில் மெஷினில் குறைத்துக்கொண்டே வந்தேன், மூன்றாம் நம்பர், அப்புறம் ஒன்று, அப்புறம் ஜீரோ. கத்தி வைத்த அன்று வீட்டில் யாரும் பெரிதாகத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உங்கள் வீட்டில் வெள்ளி, செவ்வாய், அமாவாசை பார்ப்பார்கள் என்றால் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள், அதில் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

பெண் பார்ப்பதைப் பற்றி நான் அழுத்தமாகச் சொல்வேன்: இப்போதே எடுங்கள், எடுத்த பிறகு புதுப் போட்டோ எடுத்து அதையே கொடுங்கள். கல்லூரிக் காலத்துப் போட்டோவைக் கொடுத்துவிட்டு நேரில் போய் நிற்பது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம். முடி இல்லை என்பதற்காக வேண்டாம் என்று சொல்பவர்கள் இருப்பார்கள், சிலர் ஜாதகத்தைக்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்புவார்கள். அனுப்பட்டும். வரன் எண்ணிக்கை குறையும், ஆனால் வருகிற வீட்டுக்காரர்கள் உங்களைப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். என் மனைவி என் மொட்டைப் போட்டோவைத்தான் முதலில் பார்த்தாள், அவள் வீட்டில் ஒருவர் மட்டும் அப்பா இருக்கிறாரா என்று விசாரித்தார்கள், அவ்வளவுதான். அவள் மாசமாக இருந்தபோதுதான் வேறொரு பிரச்சினை வந்தது, அந்த நேரத்தில் புருஷன் முடி வெட்டக்கூடாது, சவரம் செய்யக்கூடாது என்று மாமியார் வீட்டில் வழக்கம். அந்த மாதங்களில் பக்கவாட்டு முடியோடு நின்றேன், பெரியவர்கள் மனசுக்காக. உங்கள் வீட்டு வழக்கம் என்னவோ, முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி தினசரி விஷயம். முடி போனதும் வேர்வை தடையில்லாமல் நேராகக் கண்ணுக்குள் இறங்கும், கைக்குட்டை எப்போதும் சட்டைப்பையில் இருக்க வேண்டும். ஹெல்மெட்டுக்குள் மெல்லிய பருத்தித் தொப்பி ஒன்று போடுங்கள், நாலைந்து வாங்கி வைத்துத் தினமும் மாற்றுங்கள், துவைக்காத தொப்பி துவைக்காத ஹெல்மெட்டை விட மோசம். ஹெல்மெட் உள்பஞ்சு கழற்ற வருகிற மாதிரி இருந்தால் வாரம் ஒரு தடவை அலசுங்கள். முன்பு உங்கள் அளவுக்குச் சரியாக இருந்த ஹெல்மெட் இப்போது லேசாக ஆடும், அதையும் பாருங்கள், ஆடுகிற ஹெல்மெட்டோடு ஓட்டக்கூடாது. வழித்து இரண்டாம் நாள் முளைக்கும் குத்துமுடி தலையணை உறையில் மாட்டும், டீ-ஷர்ட்டைக் கழற்றும்போது பிடித்துக்கொள்ளும், அதற்குப் பயந்து வழிப்பதை நிறுத்தாதீர்கள், அது அப்படித்தான் இருக்கும். நெற்றியும் முன்தலையும் ஏற்கெனவே வெயிலில் கறுத்திருக்கும், முடி மூடியிருந்த இடம் வெளுத்திருக்கும், எனவே முதலில் இரண்டு நிறமாகத் தெரியும். கொஞ்ச நாளில் சமமாகிவிடும். சமமாக வேண்டும் என்று வெயிலில் போய் நிற்காதீர்கள். எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்கிரீன் முகத்துக்குப் போடுகிற மாதிரி தலைக்கும், காது நுனிக்கும்.


காயல்_கடலோரம் எழுதியது:

உம்ரா முடித்து மக்காவில்தான் நான் முதல் முறை தலை மழித்தேன். அங்கே கூட்டமாக மழிப்பார்கள், ஐந்தே நிமிடத்தில் முடிந்துவிட்டது. வெயிலைப் பற்றி மேலே சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். இத்தனை வருடம் முடிக்குள் இருந்த தோல் அது, ஒரு மதியத்திலேயே சிவந்து எரிய ஆரம்பித்துவிடும். குடை, தொப்பி, துண்டு, எதையாவது போட்டுக்கொண்டே வெளியே போங்கள். ஊருக்கு வந்த பிறகும் நான் முடி வளர்க்கவில்லை, எனக்கு அதுவே பிடித்துவிட்டது.


மருந்துக்கடை_நெல்லை எழுதியது:

பார்மசிஸ்ட். புது பிளேடு பற்றிச் சலூன்காரர் சொன்னதை நான் இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் எச்ஐவியை மட்டும் நினைத்துப் பயப்படுகிறார்கள். காய்ந்த ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். கண்ணுக்கே தெரியாத துளி போதும். மொட்டையில் சின்னக் கீறல் சகஜம் என்பதால் ஒருவருக்குப் போட்ட பிளேடு இன்னொருவர் தலையில் படவே கூடாது, கோயில் முடிக்கொட்டகையாக இருந்தாலும் ஏசி சலூனாக இருந்தாலும் ஒரே விதி. ஹெபடைடிஸ் பிக்குத் தடுப்பூசி இருக்கிறது, போடாதவர்கள் போட்டுக்கொள்ளலாம். மெஷினிலும் கவனம் வேண்டும், துடைக்காத மெஷினிலும் பொதுத் துண்டிலும் படர்தாமரை பரவும். சொந்தமாக ஒரு டிரிம்மரும் துண்டும் எடுத்துக்கொண்டு சலூனுக்குப் போனால் யாரும் தப்பாக நினைக்கப்போவதில்லை.

மினாக்ஸிடில் மறுபடி ஆரம்பிக்கும் எண்ணம் இருந்தால் வழித்த அன்று போடாதீர்கள், கீறிய தோல் வழியாக மருந்து உடம்புக்குள் அதிகமாக இறங்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களும் பிளேடு வேண்டாம், மெஷின் போதும். தலையில் செதில் செதிலாக உரிந்தால், அல்லது முடி வட்ட வட்டமாகக் கொட்டினால், அது புழுவெட்டாகவோ வேறு தோல் நோயாகவோ இருக்கலாம், முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்று கடைக்கு வருகிற தாய்மார்கள் என்னிடம் கேட்காத நாள் இல்லை. வெளியே தெரியும் முடி உயிரில்லாத பகுதி, அதை வெட்டினால் தோலுக்குள் இருக்கும் வேருக்கு ஒன்றும் தெரியாது. 1928-லேயே அமெரிக்காவில் சவரம் செய்து அளந்து பார்த்து, வளரும் வேகமோ தடிமனோ மாறவில்லை என்று எழுதிவிட்டார்கள். இயற்கையாக வளர்ந்த முடியின் நுனி கூர்ந்திருக்கும், வெட்டியதன் நுனி மொட்டையாக இருக்கும், அதனால்தான் தடவும்போது தடித்ததாகத் தோன்றுகிறது. எனவே நெற்றியில் போன முடி மொட்டையால் திரும்பும் என்ற நம்பிக்கையில் யாரும் செய்ய வேண்டாம். கோவை நண்பர் அந்த எதிர்பார்ப்பில் இல்லை என்பது நல்ல விஷயம்.


நித்யகல்யாணி எழுதியது:

நான் பெண், வயது 44, தஞ்சாவூர். தம்பியின் கேள்விக்கு நேரடியான பதில் என்னிடம் இல்லை, ஆனால் மொட்டை என்று தேடி இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களில் என்னைப் போன்றவர்களும் இருப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்தேன். முதல் மருந்து ஏறி இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டும் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். கொட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் தலைத்தோல் முழுவதும் வலித்தது, தலையணையில் சாய்க்க முடியவில்லை, இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன், பயப்பட வேண்டாம், அதோடு சேர்ந்ததுதான். கொத்துக் கொத்தாகக் கையோடு வருவதைப் பார்க்க வேண்டாம் என்று நானே முடிவு செய்து எடுத்துவிட்டேன். முதலில் தோள் வரைக்கும், இரண்டு நாள் கழித்து மெஷினில் முழுவதும். என் தங்கைதான் வீட்டு முற்றத்தில் உட்கார வைத்து எடுத்தாள். சிகிச்சையில் இருப்பவர்கள் கத்தி வைக்கவே கூடாது. அந்த நேரத்தில் வெள்ளையணுவும் குறைந்திருக்கும், ரத்தம் உறையவைக்கும் தட்டணுவும் குறைந்திருக்கும், சின்னக் கீறல்கூட சீழ் பிடிக்கலாம். மெஷின் மட்டும்தான், அதுவும் வீட்டு மெஷின், உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டு.

ராத்திரியில் தலை குளிரும். தஞ்சாவூர் சித்திரை மாதத்திலேயே எனக்குக் குளிர்ந்தது. மெல்லிய பருத்தித் துணியில் தொப்பி தைத்து வைத்துக்கொள்ளுங்கள், விக்கை விட அதுதான் அதிகம் பயன்பட்டது. எல்லாம் முடிந்து சில வாரத்தில் பஞ்சு மாதிரி முளைத்தது, ஆறு மாதத்தில் சுருட்டையாக வந்தது, என் முடி எப்போதும் நேராகத்தான் இருந்தது. அப்புறம் மெல்ல மெல்லப் பழையபடி ஆகிக்கொண்டிருக்கிறது.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று திருச்சித் தம்பி எழுதியிருக்கிறார், அவருடைய நிலைமைக்கு அது சரி. பெண்களுக்கு அது அவ்வளவு சுலபமாக இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா "எந்தக் கோயிலுக்கும்மா" என்று கேட்டால் நான் சமயபுரம் என்று சொல்லிவிடுவேன். கேட்கிற எல்லோருக்கும் என் உடம்பைப் பற்றி விளக்கம் சொல்லும் தெம்பு அப்போது எனக்கு இல்லை, அந்த அம்மாவும் "மாரியாத்தா பாத்துக்குவா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தார்கள். எனக்கு அதில் ஒரு குற்றவுணர்ச்சியும் இல்லை. தெரிந்தவர்களிடம் மறைக்காதீர்கள், தெரியாதவர்களிடம் என்ன சொல்வது என்பது உங்கள் இஷ்டம்.


காவிரிக்கரை எழுதியது:

அக்கா, நீங்கள் சொல்வதுதான் சரி. நான் ஆபீஸ், சொந்தக்காரர்கள் என்று தினமும் பார்க்கிறவர்களை மனதில் வைத்து எழுதினேன். உங்கள் தங்கைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.


கோவை_வடக்கு எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா அப்புறம் மொட்டையைப் பற்றிப் பேசவில்லை, உங்களுக்கு இப்போது உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொன்னார்கள்.

புதன்கிழமை மதியம் அரை நாள் லீவு போட்டுவிட்டுச் சலூனுக்குப் போனேன். ஜீரோ மெஷின். கடை காலியாகத்தான் இருந்தது. உட்கார்ந்ததும், முன்னால் இருக்கும் முடியை முதலில் எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன், வருடக்கணக்காக நான் காப்பாற்றி வைத்திருந்தது அதைத்தான், அது போன பிறகு மீதியைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. பின்மண்டை தட்டையாக இருக்குமோ என்று நினைத்தேன், அப்படி ஒன்றும் இல்லை. இடது காதுக்கு மேலே ஒரு தழும்பு இருக்கிறது, அது எப்படி வந்தது என்று அம்மாவுக்குத்தான் தெரிந்திருந்தது, மூன்று வயதில் ஆட்டுக்கல்லில் விழுந்ததாம். அப்பா தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "நானும் அந்த வயசுலயே பண்ணியிருக்கலாம்" என்றார். ஆபீஸில் காவிரிக்கரை அண்ணா சொன்ன பதிலைச் சொன்னேன், மதியச் சாப்பாட்டுக்குள் எல்லோருக்கும் தெரிந்து முடிந்துவிட்டது.

கத்திக்குப் போகலாம் என்றுதான் இருக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம். மூன்றாவது நாளிலிருந்து சுழிக்குப் பக்கத்தில் ஏழெட்டுச் சிவப்புப் பொட்டு வந்திருக்கிறது, வலி இல்லை, லேசான அரிப்பு. ஹெல்மெட்டாலா, மெஷினாலா? இந்த நிலையில் கத்தி வைக்கலாமா?


சலூன்_மதுரை எழுதியது:

வைக்காதே தம்பி. பொட்டு முழுக்க அடங்கிய பிறகுதான் கத்தி, இப்போது வழித்தால் ஒவ்வொரு பொட்டின் தலையும் சீவிப்போய்ப் பக்கத்துக்குப் பரவும். மெஷின் சூட்டிலும் வரும், ஹெல்மெட் வேர்வையிலும் வரும், சுழிப்பக்கம் பஞ்சு அழுந்துகிற இடம் என்பதால் ஹெல்மெட்டாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சொறியாதே, எண்ணெய் தேய்க்காதே, ஆபீஸ் போனதும் தலையைத் தண்ணீரில் அலசிவிட்டுத் துடை, தொப்பியைத் தினமும் மாற்று. நாலைந்து நாளில் அடங்கிவிடும். சீழ் கோத்தாலோ வலித்தாலோ என்னைக் கேட்காதே, தோல் டாக்டரிடம் போ. அடங்கிய பிறகு வழிக்கும்போது முடியின் போக்கில் ஒரே ஒரு தடவை, அதோடு விட்டுவிடு.


மருந்துக்கடை_நெல்லை எழுதியது:

சரியாகச் சொன்னீர்கள் அண்ணாச்சி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன், கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த க்ரீம் வாங்கித் தடவ வேண்டாம், அது படர்தாமரையாக இருந்தால் சிவப்பு அடங்கின மாதிரி காட்டிவிட்டு உள்ளே பரவும். பொட்டு வட்டமாக விரிந்து ஓரத்தில் செதில் கட்டினால் ஒரு வாரம்கூடக் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.


நித்யகல்யாணி எழுதியது:

நன்றாக இருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள் தம்பி. போன மாதம் செக்கப் போனேன், எல்லாம் சரியாக இருக்கிறது, அடுத்தது ஆறு மாதம் கழித்துத்தான்.